குடியிருப்புப் பகுதிக் கண்காணிப்பு கேமராக்கள்: பொதுப் பணமும் ஒழுங்குமுறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பகுதியில் அடுத்தடுத்து இரண்டு திருட்டுகள் நடந்துவிட்டால், அடுத்த கூட்டத்திலேயே "கேமரா வைத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அதற்கு அரசிடமோ உள்ளாட்சியிடமோ மானியம் கேட்கலாம் என்று யாரேனும் சொன்னதும் பேச்சு விண்ணப்பமாகிவிடுகிறது. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடப் போகிறவர்களுக்காகவும், அதைப் பரிசீலிக்கப் போகிறவர்களுக்காகவும், கேமராவின் பார்வைக்குள் வாழப் போகிறவர்களுக்காகவும் இந்தக் கேள்வி–பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கே குறிப்பிடப்படும் தீர்ப்புகளும் விதிகளும் அந்தந்த நாட்டில் மட்டுமே செல்லும் என்றாலும், அவை எழக் காரணமான சிக்கல்கள் எந்த ஊரிலும் எழக்கூடியவை.

சமூகக் கேமராத் திட்டம் என்று எதைச் சொல்கிறோம்?

நடைமுறையில் மூன்று வகைகள் உண்டு. உள்ளாட்சி அமைப்பே பொது இடங்களில் கம்பம் நட்டு, கேமரா பொருத்தி, கட்டுப்பாட்டு அறையில் ஆள் வைத்துப் பார்ப்பது முதல் வகை. குடியிருப்போர் சங்கமோ வணிகர் சங்கமோ பணம் திரட்டி, தன் பொறுப்பில் கேமராக்களை நடத்துவது இரண்டாவது. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தத்தம் சுவரில் வைத்திருக்கும் கேமராக்களைக் காவல்துறையின் பதிவேட்டில் சேர்த்து, தேவைப்படும்போது காட்சிப் பதிவைத் தர ஒப்புக்கொள்வது மூன்றாவது.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பது இதைப் பொறுத்தே அமைகிறது. முதல் வகையில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வகையில் நூறு வீடுகளுக்கு நூறு பொறுப்பாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் பொறுப்பாளிகள் என்பதே தெரியாது.

பொதுப் பணம் எந்த வழிகளில் வந்து சேர்கிறது?

போட்டி முறையில் வழங்கப்படும் மத்திய அரசின் நிதி ஒரு வழி. பிரிட்டன் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அங்கே உள்துறை அமைச்சகம் 1990-களின் நடுப்பகுதியில் உள்ளாட்சிகளுக்கிடையே போட்டி வைத்துக் கேமராக்களுக்குப் பணம் தந்தது. பின்னர் 1999 முதல் 2003 வரையிலான குற்றக் குறைப்புத் திட்டத்தின் கீழ் சுமார் 17 கோடி பவுண்டைக் கேமராத் திட்டங்களுக்கு ஒதுக்கியது. பிரான்சில் 2007 முதல் இயங்கும் குற்றத் தடுப்பு நிதியம் ஒன்று நகராட்சிகளின் கேமராச் செலவில் ஒரு பங்கை ஏற்கிறது.

தனியாருக்குத் திருப்பித் தரும் மானியம் இன்னொரு வழி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி, வெளிப்புறக் கேமரா வாங்கிப் பொருத்தும் வீட்டுக்காரருக்கு ஒரு கேமராவுக்கு 200 டாலர் வரையும், ஒரு முகவரிக்கு 500 டாலர் வரையும் திருப்பித் தரப்பட்டது. அந்தக் கேமராவைக் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வணிகப் பகுதிகளில் சொத்து உரிமையாளர்களிடம் சிறப்பு வரி வசூலித்து அதிலிருந்து கேமரா வைப்பதும் உண்டு. டெட்ராயிட் நகரில் 2016-இல் எட்டுப் பெட்ரோல் நிலையங்களுடன் தொடங்கிய திட்டத்தில் கேமராச் செலவைக் கடைக்காரர்களே ஏற்றனர். காட்சி நேரலையாகக் காவல்துறையின் மையத்துக்குச் சென்றது. அங்கே பொதுப் பணம் செலவானது கேமராவில் அன்று, அதைப் பார்க்கும் மையத்தில். "இதில் அரசுப் பணமே இல்லை" என்று யாரேனும் சொன்னால், பார்க்கிறவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

கேமரா வைத்தால் குற்றம் உண்மையில் குறைகிறதா?

சில இடங்களில், சில வகைக் குற்றங்களில், ஓரளவு குறைகிறது. இதைவிடத் தெளிவான ஒற்றை வரிப் பதில் கிடையாது. ஆனால் விவரமான பதில் இருக்கிறது. அதை விண்ணப்பம் எழுதுபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான விரிவான மதிப்பீடு, கேமரா வைத்த இடங்களில் குற்றம் ஒப்பீட்டளவில் சுமார் 13 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. வாகன நிறுத்துமிடங்களில்தான் பலன் மிகுதியாகவும் சீராகவும் இருந்தது; குடியிருப்புப் பகுதிகளிலும் ஓரளவு இருந்தது. வாகனம், சொத்து சார்ந்த குற்றங்கள் குறைந்தன. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. பதிவு செய்து மட்டும் வைத்திருந்த கேமராக்களைக் காட்டிலும், ஒருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த கேமராக்கள் கூடுதல் பலன் தந்தன. விளக்கு, ரோந்து, வேலி போன்றவற்றோடு சேர்த்துச் செய்யப்பட்டவை தனித்து வைக்கப்பட்டவற்றைவிட மேலாக இருந்தன.

பிரிட்டன் உள்துறை அமைச்சகம் தான் கொடுத்த பணம் என்ன ஆனது என்று பார்க்க வெளியிட்ட 2005-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கறாரானது. ஆராயப்பட்ட திட்டங்களில் பெரும்பாலானவற்றில், கேமராவினால்தான் குற்றம் குறைந்தது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அந்த ஆய்வு சுட்டிய ஒரு காரணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கேமராவுக்கென்றே பணம் ஒதுக்கப்பட்டிருந்ததால், ஊரின் சிக்கல் என்ன என்று முதலில் ஆராயாமல், கிடைக்கும் பணத்துக்கு ஏற்பச் சிக்கலை எழுதினார்கள். மருந்து முதலில் வந்து, நோய் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது.

ஆகவே மானியம் தருபவர் "கேமராவுக்கு நிதி" என்று அறிவிப்பதைவிட "இந்தப் பகுதியின் பாதுகாப்புக்கு நிதி" என்று அறிவிப்பதே நேர்மையான வழி. நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை வைத்துச் சீட்டுக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், இரவு நேர வெளிப்புறக் கடுங்குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன. விளக்கு யாருடைய முகத்தையும் சேமித்து வைப்பதில்லை.

கேமரா வாங்கப் பணம் கிடைத்துவிட்டால் போதாதா?

போதாது. திட்டங்கள் பெரும்பாலும் செத்துப்போவது இங்கேதான். தொடக்க மானியம் கேமரா, கம்பம், கேபிள், பொருத்துகூலி ஆகியவற்றுக்கே வருகிறது. மின்கட்டணம், இணைய இணைப்பு, மென்பொருள் உரிமக் கட்டணம், பழுதான ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது, லென்சைத் துடைப்பது, மரக்கிளை வளர்ந்து மறைத்தால் வெட்டுவது, பதிவு கேட்டு வருபவருக்குத் தேடி எடுத்துத் தருவது ஆகிய அனைத்தும் ஆண்டுதோறும் வரும் செலவுகள். கட்டுப்பாட்டு அறையில் ஆள் அமர்த்தினால் அவர்களின் சம்பளமே மற்ற அனைத்தையும் விஞ்சிவிடும். பிரிட்டனில் பல உள்ளாட்சிகள் மத்திய அரசின் பணத்தில் கேமராக்களை நிறுவி, 2010-க்குப் பிறகு நிதி குறைக்கப்பட்டபோது கண்காணிப்பு நேரத்தைச் சுருக்கவோ கேமராக்களை அணைக்கவோ நேர்ந்தது.

அணைந்து கிடக்கும் கேமரா, இல்லாத கேமராவைவிடத் தீங்கானது. கம்பத்தில் தொங்கும் கூடு "யாரோ பார்க்கிறார்கள்" என்ற நம்பிக்கையைத் தருகிறது. அந்த நம்பிக்கையில் ஒரு பெண் இருட்டு வழியாக நடந்து போகிறாள். அவளுக்கு ஏதேனும் நேர்ந்த பின்புதான், அந்தக் கேமரா பதினொரு மாதங்களாக எதையும் பதியவில்லை என்பது தெரிய வரும். எனவே குறைந்தது ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார்கள் என்பது எழுத்தில் இல்லாத எந்த விண்ணப்பத்துக்கும் பொதுப் பணம் தரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மானியத்தோடு எத்தகைய நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

பொதுச் சட்டங்கள் மெதுவாக வருகின்றன. வந்த பிறகும், ஆயிரக்கணக்கான சங்கங்களையும் வீடுகளையும் போய்ப் பார்க்க எந்த ஆணையத்திடமும் ஆள் இருப்பதில்லை. ஆனால் பணம் கேட்டு வருபவர் தாமாகவே அரசின் வாசலுக்கு வருகிறார். தன் திட்டத்தைத் தன் கையால் எழுதித் தருகிறார். பணத்துக்காக நிபந்தனைகளை ஏற்கவும் அணியமாக இருக்கிறார். ஒழுங்குபடுத்துவதற்கு இதைவிட நல்ல தருணம் திரும்ப வாய்க்காது. பணம் கைமாறி, கேமரா கம்பத்தில் ஏறிவிட்ட பிறகு, "படத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர் அந்தப் பகுதியின் எதிரியாகப் பார்க்கப்படுவார்.

விண்ணப்பத்திலேயே கேட்டுப் பெற வேண்டியவை இவை. எந்தச் சிக்கலுக்காக, எந்த இடத்தில், எத்தனை கேமரா என்பதற்கான விளக்கம். அந்தச் சிக்கல் இருப்பதற்கான சான்று. விளக்கு, பூட்டு, ரோந்து போன்ற எளிய வழிகள் ஏன் போதவில்லை என்பதற்கான பதில். ஒவ்வொரு கேமராவின் பார்வை எதுவரை செல்கிறது என்று காட்டும் வரைபடமும், பிறர் வீட்டுச் சன்னல்கள் மறைக்கப்பட்டுள்ளன என்பதற்கான மாதிரிப் படமும் வேண்டும். பதிவுக்குப் பொறுப்பான ஒருவரின் பதவிப் பெயர், முகவரியோடு வெளியிடப்பட வேண்டும். பதிவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்று குறிக்கும் பதிவேடு இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் சுருக்கம் ஆண்டுக்கொருமுறை பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

பணத்தை ஒரே தவணையில் தராமல் இரண்டாகப் பிரித்து, இரண்டாவது தவணையை ஓராண்டு அறிக்கை வந்த பிறகே விடுவிப்பது நல்ல வழக்கம். நிபந்தனையை மீறினால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத நிபந்தனை வேண்டுகோளாகச் சுருங்கிவிடும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை மக்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆம். பர்மிங்காமில் நடந்தது இதற்கு விடை சொல்லும். 2010-இல் அந்நகரின் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 218 கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பல வாகன எண் பலகையைப் படிப்பவை; 72 கேமராக்கள் மறைவாக வைக்கப்பட்டவை. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இசுலாமியர். பகுதியின் பொதுப் பாதுகாப்புக்கான திட்டம் என்றே முதலில் சொல்லப்பட்டது. சுமார் 30 லட்சம் பவுண்டுப் பணம் பயங்கரவாதத் தடுப்புக்கான காவல்துறை நிதியிலிருந்து வந்தது என்பது பிறகுதான் வெளிப்பட்டது. எதிர்ப்பு வெடித்தது. வேறொரு பகுதியின் காவல்துறைத் தலைவர் நடத்திய விசாரணை, கலந்தாலோசனையும் மேற்பார்வையும் போதாமல் இருந்ததைக் கடுமையாகச் சாடியது. உள்ளூர்க் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கேமராக்கள் 2011-இல் கழற்றப்பட்டன.

பணத்தை வீணாக்கியதைவிடப் பெரிய இழப்பு, காவல்துறைக்குத் தகவல் சொல்ல முன்வந்துகொண்டிருந்த மக்கள் வாயை மூடிக்கொண்டது. நிதிக்கு ஒரு நோக்கம் எப்போதும் இருக்கிறது. அது கேமராவுக்கும் ஒட்டிக்கொள்கிறது. எந்த நிதியிலிருந்து, எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்பது கேமராவுக்குக் கீழே உள்ள பலகையிலேயே எழுதப்பட வேண்டும்.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

இதில் நாடுகள் வேறுபடுகின்றன. பிரான்சில் பொது இடத்தைப் பார்க்கும் கேமராவுக்கு அரசு நியமிக்கும் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அவர் ஒரு குழுவின் கருத்தைக் கேட்டே முடிவு செய்கிறார். அனுமதி ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். காலாவதி ஆகும் அனுமதி என்பது மிக நல்ல ஏற்பாடு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் "இது இன்னும் தேவையா?" என்று யாராவது கேட்டாக வேண்டிய கட்டாயம் உண்டாகிறது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் முன் அனுமதி முறை இல்லை. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2013-இல் வெளியான நெறிமுறைத் தொகுப்பில் 12 கொள்கைகள் உள்ளன. உள்ளாட்சிகளும் காவல்துறையும் அவற்றைக் கருத்தில் கொள்ளக் கடமைப்பட்டவை. மற்றவர்கள் விரும்பினால் பின்பற்றலாம். சங்கங்களும் வீடுகளும் அந்த "மற்றவர்கள்" என்ற சொல்லுக்குள் போய்விடுகின்றன என்பதே அதன் குறை. இருந்தாலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் சியாட்டில், ஓக்லாந்து, சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள், நகரத் துறை எதுவும் புதிய கண்காணிப்புக் கருவியை வாங்கும் முன் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டம் இயற்றின.

விதியை மீறியதாகத் தீர்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரு கசப்பான பாடம். நௌரா நகரில் உள்ளாட்சி வைத்திருந்த கேமராக்கள் தனியுரிமைச் சட்டத்தை மீறுவதாகக் குடிமகன் ஒருவர் வழக்காடி, 2013-இல் தீர்ப்பாயத்தில் வென்றார். கேமராக்கள் அணைக்கப்பட்டன. உடனே மாநில அரசு விதியைத் திருத்தி உள்ளாட்சிகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. உள்ளாட்சி தன் அறிவிப்புப் பலகைகளையும் நடைமுறைகளையும் சீர்செய்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சட்டம் வளைக்கப்பட்டது.

என் வீட்டுக் கேமராவில் தெருவும் விழுகிறது. அது என் சொந்த விவகாரம்தானே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிச் சொல்ல முடியாது. செக் குடியரசைச் சேர்ந்த ஒருவரின் வீடு பலமுறை தாக்கப்பட்டதால் அவர் கேமரா வைத்தார். அது பொதுத் தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பதிந்தது. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பொது இடத்தைப் பதியும் கேமரா "முழுக்க வீட்டுப் பயன்பாடு" என்ற விலக்கில் வராது என்று தீர்ப்பளித்தது. வீட்டையும் குடும்பத்தையும் காக்கும் நியாயமான தேவையைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே தடை இல்லை, கடமை உண்டு. பார்வைக் கோணத்தைச் சுருக்குவது, பிறர் இடத்தை மென்பொருளில் மறைப்பது, அறிவிப்பு ஒட்டுவது, பதிவைச் சில நாட்களில் அழிப்பது ஆகியவை அந்தக் கடமையில் அடங்கும்.

ஒலியையும் பதிவு செய்யலாமா?

வேண்டாம். 2021-இல் ஆக்ஸ்போர்டு மாவட்ட நீதிமன்றம், அழைப்பு மணிக் கேமரா ஒன்று அக்கம்பக்கத்தாரின் பேச்சைத் தொலைவிலிருந்து பதிந்ததைத் தேவைக்கு மீறியது எனக் கண்டது. சில நாடுகளிலும் மாநிலங்களிலும் பிறர் உரையாடலை ஒப்புதலின்றிப் பதிவது குற்றமாகவே கருதப்படும். பொதுப் பணத்தில் வாங்கும் கேமராவில் ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நோக்கத்துக்குத் தேவையான நாள் வரை மட்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் வழிகாட்டுதல், 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க விரும்புபவர் அதற்குரிய காரணத்தை மேலும் வலுவாகக் காட்ட வேண்டும் என்கிறது. பிரான்சில் உச்சவரம்பு ஒரு மாதம். தானாக அழியும்படி கருவியிலேயே அமைத்துவிடுங்கள். யாரேனும் நினைவு வைத்து அழிப்பார் என்று விடப்பட்ட பதிவு அழிவதே இல்லை. குற்றம் நடந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, யார் எடுத்தார் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பதிவான காட்சியைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

போடக்கூடாது. இதன் காரணத்தைச் சொல்ல, 1995-இல் இங்கிலாந்தின் பிரென்ட்வுட் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வாழ்க்கையை முடித்துக்கொள்ள முயன்ற ஒருவர் கையில் கத்தியோடு இரவில் தெருவில் நிற்பதை உள்ளாட்சிக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் கண்டார். காவல்துறைக்குச் சொன்னார், உதவி கிடைத்தது. இதுவரை அந்தக் கேமரா ஒரு உயிரைக் காக்க உதவியது. பிறகு அந்த உள்ளாட்சி, தன் கேமராத் திட்டத்தின் வெற்றியை விளம்பரப்படுத்துவதற்காகக் காட்சியை நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிக்கும் தந்தது. அவரை அறிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். 2003-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருடைய தனிவாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தெருவில் நிற்பவர் எல்லாரும் பார்க்கும்படிதானே நிற்கிறார் என்று வாதிடுவோருக்கும் அந்தத் தீர்ப்பு விடை தந்தது. வழிப்போக்கர் ஒருவர் பார்ப்பதும், அதே காட்சியை லட்சக்கணக்கானோர் பார்ப்பதும் ஒன்றல்ல. வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்ட துணுக்கு எங்கெல்லாம் போகும் என்று போட்டவருக்குத் தெரியாது. "இவன் யார், சந்தேகமாக இருக்கிறான்" என்ற வரியோடு பரவிய முகம், பெரும்பாலும் வழி தவறி வந்தவருடையதாகவோ பொருள் கொண்டு வந்தவருடையதாகவோ இருக்கும். காட்சியைக் காவல்துறையிடம் கொடுங்கள். தேடப்படுபவரின் படத்தை வெளியிட வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

காவல்துறை கேட்டால் பதிவைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

நீதிமன்ற ஆணையோ சட்டப்படியான எழுத்து உத்தரவோ இருந்தால் கொடுக்க வேண்டும். வாய்மொழி வேண்டுகோளுக்குக் கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலான நாடுகளில் உரிமையாளரின் விருப்பம். கொடுத்தால் வழக்கு எண், தேதி, நேரம், பெற்றவரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "நேற்று மாலை முழுவதையும் தாருங்கள்" என்பதைவிட "இந்த இடத்தில் இந்தப் பத்து நிமிடத்தைத் தாருங்கள்" என்பதே முறையான வேண்டுகோள்.

நேரலையைத் திறந்து விடுவது முற்றிலும் வேறு விஷயம். நடந்த குற்றத்துக்குச் சான்று தேடுவதற்கும், நடக்காத குற்றத்துக்காக எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் போராட்டங்கள் நடந்த நாட்களில், ஒரு வணிகப் பகுதி அமைப்புக்குச் சொந்தமான 400-க்கும் மேற்பட்ட கேமராக்களைக் காவல்துறை நேரலையில் அணுகியது. கடைத் திருட்டைத் தடுக்க வைத்த கேமரா, ஊர்வலத்தில் நடந்தவர்களைப் பார்க்கும் கருவியாக மாறியது. அதன் மீது வழக்கும் தொடரப்பட்டது. 2022-இல் அந்நகரம் நேரலை அணுகலுக்கு உரிமையாளரின் ஒப்புதலும் 24 மணி நேர வரம்பும் விதித்து ஒரு சோதனை ஏற்பாட்டை ஏற்றது.

கேமரா விற்ற நிறுவனத்தின் சேமிப்பகத்தில் பதிவு இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. 2022-இன் முதல் பாதியில் மட்டும், அவசரநிலை என்று காவல்துறை கூறிய 11 நேர்வுகளில் உரிமையாளரின் ஒப்புதலின்றிப் பதிவைத் தந்ததாக, அழைப்பு மணிக் கேமராக்களை விற்கும் ரிங் நிறுவனம் அமெரிக்கச் செனட்டர் ஒருவருக்கு எழுதிய பதிலில் ஒப்புக்கொண்டது. வாங்கும் முன், பதிவு உங்கள் கட்டடத்தில் இருக்குமா வெளியே இருக்குமா என்று கேளுங்கள்.

முகத்தை அடையாளம் காணும் மென்பொருளையும் எண் பலகை படிக்கும் கருவியையும் சேர்க்கலாமா?

முக அடையாளம் வேண்டாம் என்பதே என் பதில். சாதாரணக் கேமராவில் ஒருவரைத் தேட, ஒரு மனிதர் அமர்ந்து பார்க்க வேண்டும். அந்த உழைப்பே ஒரு வரம்பாக இருக்கிறது. மென்பொருள் அந்த வரம்பை எடுத்துவிடுகிறது. 2020-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், தெற்கு வேல்ஸ் காவல்துறையே முக அடையாளத்தைப் பயன்படுத்திய விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறியது. யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்பதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விட்டிருந்தது அதன் காரணங்களில் ஒன்று. பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள காவல்துறையாலேயே சரியாகச் செய்ய முடியாததை ஒரு சங்கத்திடம் ஒப்படைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கேமராப் பதிவுகளிலிருந்து முகங்களை வகைதொகையின்றி வாரிச் சேர்த்துத் தரவுத்தளம் உருவாக்குவதைத் தடை செய்கிறது.

எண் பலகைக் கருவியில் அளவு முக்கியம். ராய்ஸ்டன் என்ற சிறிய ஆங்கில நகரில், ஊருக்குள் வரும், வெளியே போகும் எல்லாச் சாலைகளிலும் அவை வைக்கப்பட்டன. பதியப்படாமல் யாரும் வண்டியோட்ட முடியாத நிலை. 2013-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் தகவல் ஆணையர் அதைச் சட்டவிரோதமானது, மிகையானது என்று அறிவித்தார்.

கேமராவே திருடப்படும் பொருளாக, அதாவது ஹேக் செய்யப்படும் பொருளாக மாறாதா?

மாறியிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, இணையத்தின் முக்கியச் சேவைகளை முடக்கப் பயன்படுத்தியது. 2021-இல் கண்காணிப்பு கேமராக்களை விற்கும் வெர்காடா நிறுவனத்தின் சுமார் 1,50,000 கேமராக்களின் நேரலை வெளியாட்களுக்குத் திறந்து கிடந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்கக் கூடாது. உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தப் புள்ளியில் அந்த நிபந்தனையை எழுதலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற விதி இதில் ஆபத்தானது.

பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் போதாதா?

கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள். கேமராவின் கீழ் அதிக நேரம் இருப்பவர்களோ வாடகைக்கு இருப்போர், வீட்டு வேலைக்கு வருவோர், நடைபாதையில் வியாபாரம் செய்வோர், மாலையில் கூடிப் பேசும் இளைஞர்கள். 1990-களில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அறைகளில் அமர்ந்து நடத்தப்பட்ட ஆய்வு, ஊழியர்கள் கேமராவைத் திருப்பியது பெரும்பாலும் இளைஞர்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும்தான் என்று காட்டியது. பலமுறை அவர்கள் எதையும் செய்திருக்கவில்லை. தோற்றமே காரணமாக இருந்தது. வாக்கெடுப்பு இந்தச் சார்பைச் சரிசெய்யாது. கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்பதும், எதிர்ப்பை எழுத்தில் பதிவதும், இன்ன இடத்தில் வைக்கக் கூடாது என்று மறுக்கும் உரிமையை நேரடியாகப் பாதிக்கப்படுபவருக்குத் தருவதும் தேவை.

கேமரா பலன் தரவில்லை என்று எப்போது முடிவு செய்து கழற்றுவது?

வைப்பதற்கு முன்பே அதை எழுதி வைக்க வேண்டும். எந்தக் குற்றம் குறைய வேண்டும், முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது எத்தனை முறை நடந்தது, இதே போன்ற, கேமரா இல்லாத பக்கத்துப் பகுதியில் எத்தனை முறை நடந்தது என்பவை தொடக்கக் கணக்கு. ஒப்பிட ஒரு பகுதி இல்லாவிட்டால், ஊர் முழுவதும் குற்றம் குறைந்ததைக் கேமராவின் சாதனையாகச் சொல்லிவிடுவார்கள். பதிவு எத்தனை முறை கேட்கப்பட்டது, எத்தனை முறை கேட்ட காட்சி கிடைத்தது, எத்தனை முறை கருவி பழுதாகிக் கிடந்தது என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கணக்கை முன்வைத்து மன்றமோ சங்கமோ மீண்டும் வாக்களிக்கட்டும். தொடர்வதற்குத்தான் வாக்கு தேவை என்று விதி இருக்க வேண்டும். வாக்கெடுப்பு நடக்காவிட்டால் கேமரா இறங்கும். கழற்றும் செலவும், ஹார்ட் டிஸ்க்குகளை முறையாக அழிக்கும் செலவும் தொடக்க மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக இருக்கட்டும். அந்த வரி இல்லாத மதிப்பீடுகளே இதுவரை என் கண்ணில் பெரும்பாலும் பட்டிருக்கின்றன. கழற்றுவதற்குப் பணம் இல்லை என்பதாலேயே பல கம்பங்களில் கேமராக்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.